63 வயதில் உலகைச் சுற்றப் புறப்பட்ட தோமஸ் குக்

சூரிச்சில் இருக்கும் அக்கா இந்தக் கோடைக்கு அம்மாவையும் அப்பாவையும் தன்னிடம் வரச் சொல்லியிருக்கிறார். அப்பாவுக்கு 72 வயது, அம்மாவுக்கு 68. இருவரும் இளைப்பாறிய ஆசிரியர்கள். விசா விண்ணப்பம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, விமானச்சீட்டு என்று எல்லா வேலைகளும் என் தலையில். போதாததற்கு அக்கா ஒரு ரயில் பயணத்தையும் சேர்த்துவிட்டார். கூர் நகரிலிருந்து அல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் திரானோவுக்குச் செல்லும் பெர்னினா ரயிலில் நான்கு மணித்தியாலம். பிறகு சென் மோரிட்ஸிலிருந்து செர்மட் வரை கிளேசியர் எக்ஸ்பிரஸில் எட்டு மணித்தியாலம். முதலாவது பாதையில் 55 சுரங்கங்களும் 196 பாலங்களும். இரண்டாவதில் 91 சுரங்கங்களும் 291 பாலங்களும்.

அப்பா மறுக்கவில்லை. ஆனால் இந்த வயதில் இது எதற்கு என்று கேட்டார். முழங்கால் நோவும் பிரஷர் குளிசையும் அவருக்குச் சாட்டு. உண்மையான காரணம் வேறு என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பயணம் என்றால் இடம்பெயர்வு. 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு ரயில் நின்றுபோனது. 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரோடு சேர்ந்து தென்மராட்சிக்கு நடந்தார்கள். பிறகு வவுனியா, அதன்பிறகு கொழும்பு. 2014 ஒக்டோபரில் ரயில் திரும்பவும் யாழ்ப்பாணம் வந்தபோது, எங்கும் போகாமல் நிலையத்தில் நின்று அதைப் பார்த்துவிட்டு வந்தவர் அப்பா. பார்ப்பதற்காக மட்டும் ஒரு இடத்துக்குப் போவது தனக்கு உரியதல்ல என்று அவர் உள்ளூர நினைக்கிறார்.

ஐரோப்பிய ரயில் நேர அட்டவணைகளைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் தோமஸ் குக் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் பட்டது. பழைய பயண நிறுவனம் ஒன்றின் பெயர் என்ற அளவில்தான் அதுவரை எனக்கு அதைத் தெரியும். அந்த மனிதரைப் பற்றி வாசிக்கத் தொடங்கிய பிறகு, அப்பாவுக்குச் சொல்ல ஒரு கதை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தோமஸ் குக் 1808 நவம்பர் 22 இல் இங்கிலாந்தின் டாபிஷயர் பகுதியில் உள்ள மெல்பேர்ண் என்ற சிற்றூரில் பிறந்தார். நான்கு வயதாகும் முன்பே தகப்பன் இறந்துவிட்டார். பத்து வயதில் பள்ளிக்கூடம் நின்றது. ஒரு பிரபுவின் தோட்டத்தில் நாளொன்றுக்கு ஒரு பென்னி கூலிக்கு வேலைக்குப் போனார். 14 வயதில் மாமா முறையான உறவினர் ஒருவரிடம் தச்சுத் தொழில் பழகச் சேர்ந்தார். பப்டிஸ்ட் சபையில் ஈடுபாடு வந்து, இருபது வயதளவில் ஊர் ஊராகச் செல்லும் பிரசங்கியார் ஆனார். 1829 ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4,300 கிலோமீற்றர் பயணம் செய்தார் என்றும், அதில் 3,400 கிலோமீற்றர் கால்நடை என்றும் கணக்கு இருக்கிறது. உலகத்துக்கே பயணம் ஏற்பாடு செய்து கொடுத்த மனிதர், முதலில் வண்டிக்குக் காசில்லாமல் நடந்தவர்.

சபையிடம் பணம் தீர்ந்ததும் மார்க்கட் ஹாபரோ என்ற ஊரில் தச்சு வேலைக்குத் திரும்பினார். 1833 இல் மரியான் மேசனைத் திருமணம் செய்தார். அடுத்த ஆண்டு மகன் ஜோன் பிறந்தான். குடும்பமே மதுவைக் கைவிட்டது. தொழிற்சாலைகள் பெருகிய அந்தக் கால இங்கிலாந்தில், கூலியாட்களின் வாராந்தச் சம்பளம் சாராயக்கடையிலேயே கரைந்துகொண்டிருந்தது. மதுவிலக்கு இயக்கத்துக்காக குக் துண்டுப் பிரசுரங்களும் சிறு சஞ்சிகைகளும் அச்சிட்டார்.

இந்த இடத்தில்தான் எனக்கு அவரில் அக்கறை பிறந்தது. ஊடகக் கற்கை படித்தவள் என்பதால் என் கண்ணுக்கு அவர் முதலில் ஒரு அச்சகக்காரராகவே தெரிந்தார். எதைச் செய்வதென்றாலும் அதற்கு முன் ஒரு கடதாசியை அச்சிட்டுவிடுவார். பயணங்களை விற்கத் தொடங்கிய பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

1841 ஜூன் மாதம் ஒருநாள், லெஸ்டர் நகரில் நடக்கவிருந்த மதுவிலக்குக் கூட்டத்துக்காக ஏறத்தாழ 24 கிலோமீற்றர் நடந்து போய்க்கொண்டிருந்தார். லெஸ்டர் பகுதிக்கு ரயில் வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. இந்த ரயிலில் இயக்கத்து ஆட்களை அடுத்த கூட்டத்துக்கு ஏற்றிக்கொண்டு போனால் என்ன என்ற எண்ணம் அந்த நடையில்தான் வந்தது. ரயில் கம்பனியோடு பேசினார். அவர்கள் இணங்கினார்கள். ஜூலை 5 ஆம் திகதி ஏறத்தாழ 500 பேர், கூரையில்லாத பெட்டிகளில், லெஸ்டரிலிருந்து லஃப்பரோ வரை போய்த் திரும்பினார்கள். ஒருவருக்கு ஒரு ஷில்லிங். வாத்தியக்குழுவும் கூடவே போனது.

உல்லாச ரயில் ஓட்டியவர்களில் குக் முதலாமவர் என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. அதற்கு முன்பே பல ரயில் கம்பனிகளும் சங்கங்களும் அப்படி ரயில்களை ஓட்டியிருந்தன. குக் செய்தது வேறு. ஏறியவர்களில் பெரும்பாலானவர்கள் அதற்கு முன் ரயிலில் ஏறியதே இல்லை. சீட்டு எங்கே வாங்குவது, எங்கே இறங்குவது, சாப்பாடு எப்படி, திரும்பி வருவது எப்படி என்ற எல்லாக் கேள்விக்கும் அவரே பொறுப்பேற்றார். அவர்கள் செய்ய வேண்டியிருந்தது ஒரு ஷில்லிங் கொடுத்து ஏறி உட்காருவது மட்டுமே.

அதன்பிறகு குடும்பம் லெஸ்டருக்குக் குடிபெயர்ந்தது. 1845 இல் லிவர்பூலுக்கு ஒரு பயணம் ஒழுங்கு செய்தார். இலாபத்துக்காக அவர் செய்த முதல் பயணம் அதுதான். முன்கூட்டியே தானே அந்தப் பாதையில் போய்ப் பார்த்து, விடுதிகளை விசாரித்து, ஒரு வழிகாட்டிப் புத்தகமும் அச்சிட்டார். அடுத்த ஆண்டு 350 பேரை ஸ்கொட்லாந்துக்குக் கூட்டிச் சென்றார். வழியில் தேநீருக்கு நிற்கும் என்று சொல்லியிருந்த இடத்தில் தேநீர் கிடைக்கவில்லை. கப்பலில் எல்லாருக்கும் இடம் போதவில்லை. ஏமாற்றத்தோடு பலர் திரும்பினார்கள். அதே 1846 ஆம் ஆண்டு குக் வங்குரோத்தானார்.

வங்குரோத்து என்றால் என்னவென்று 2022 இற்குப் பிறகு எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இரண்டு பிள்ளைகளோடு, எல்லாம் போன நிலையில் அவர் தொழிலை விடவில்லை. திரும்பவும் ஸ்கொட்லாந்துக்கே ஆட்களைக் கூட்டிப் போனார். இம்முறை ஓட்டைகளை அடைத்துக்கொண்டு போனார். மரியான் லெஸ்டரில் மது பரிமாறாத தங்குமிடம் ஒன்றை நடத்திக் குடும்பத்தைத் தாங்கினார்.

1851 இல் லண்டனில் பெரும் கண்காட்சி நடந்தது. குக் ஒன்றரை இலட்சத்துக்கும் அதிகமானோரை ரயிலில் அங்கே அனுப்பிவைத்தார். 17 வயது மகன் ஜோன் ஊர் ஊராகப் போய் ஆட்களைச் சேர்த்தான். தலைநகரை ஒருபோதும் காணாத தொழிலாளர்கள் வாரம் வாரம் சிறுகச் சிறுகக் கட்டிச் சேர்த்த பணத்தில் போய் வந்தார்கள். அந்தக் கண்காட்சிக்காகத் தொடங்கிய செய்தித்தாளை குக் அதற்குப் பிறகும் நிறுத்தவில்லை. பயண விபரங்கள், கட்டணங்கள், போய் வந்தவர்களின் அனுபவங்கள் எல்லாம் அதில் வந்தன.

1855 இல் முதல்முறையாகக் கடல் கடந்து ஐரோப்பாவுக்கு ஒரு குழுவைக் கூட்டிப் போனார். அதில் நட்டம். 1863 இல் சுவிற்சர்லாந்து. அப்போது அக்கா சொல்லும் மலை ரயில்கள் எதுவும் கிடையாது. ரயில் போகும் இடம் வரை ரயிலில் போய், அதற்கப்பால் குதிரை வண்டியிலும் கோவேறு கழுதையிலும் கால்நடையாகவும் கணவாய்களைக் கடந்தார்கள். அந்தக் குழுக்களில் பெண்கள் நிறையப் பேர். ஆண்துணை இல்லாமல் ஒரு பெண் வெளிநாடு போவது நினைத்தும் பார்க்க முடியாத காலம் அது. குக் கூட வருகிறார் என்றால் வீட்டார் விட்டார்கள்.

வசதி படைத்தவர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதுவரை ஐரோப்பாவைச் சுற்றிப் பார்ப்பது பிரபுக்களின் பிள்ளைகளுக்கே உரியதாக இருந்தது. கடைக்காரர்களும் ஆசிரியைகளும் எழுதுவினைஞர்களும் ரோமிலும் புளோரன்ஸிலும் வந்து நின்றதைச் சகிக்காமல், சார்ள்ஸ் லீவர் என்ற நாவலாசிரியர் 1865 இல் குக்கின் பயணிகளை ஆட்டு மாட்டு மந்தையைப் போலச் சித்திரித்து எழுதினார். குக் தன் செய்தித்தாளில் நீளமான மறுப்பு எழுதினார். அழகான இடங்களைப் பார்க்கும் உரிமை யாருக்கும் தனிச்சொத்து அல்ல என்பது அவரது வாதத்தின் சாரம். பார்ப்பதற்காகப் போவது தனக்கு உரியதல்ல என்று நினைக்கும் அப்பாவுக்கு நான் முதலில் சொன்னது இந்தப் பகுதியைத்தான்.

குக்கும் மகனும் கொண்டுவந்த கடதாசி ஏற்பாடுகள் ஒவ்வொன்றும் ஒரு பயத்தைக் குறைத்தன. 1868 அளவில் ஹோட்டல் கூப்பன் வந்தது. காசை முன்கூட்டியே கட்டிவிட்டால், பாஷை தெரியாத ஊரில் அறைக்கும் சாப்பாட்டுக்கும் விலை பேசத் தேவையில்லை. 1873 இல் ஐரோப்பிய ரயில் நேர அட்டவணைப் புத்தகம் வந்தது. எத்தனை மணிக்கு எங்கே மாறி ஏறுவது என்பதை வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். 1874 இல் சுற்றுப் பணப்பத்திரம் வந்தது. பிற்காலத்துப் பயணக் காசோலையின் முன்னோடி அது. மடியில் தங்கக் காசைக் கட்டிக்கொண்டு அலையத் தேவையில்லை. அந்த நேர அட்டவணைப் புத்தகத்தை 2013 வரை அதே நிறுவனம் வெளியிட்டது. நிறுவனம் நிறுத்திய பிறகு, அதைத் தயாரித்தவர்களே தனியாக எடுத்து வெளியிட்டு வருகிறார்கள்.

இனி 1872 இற்கு வருகிறேன். அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கும் ரயில் பாதை 1869 மே மாதம் பூர்த்தியாகியிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சூயஸ் கால்வாய் திறந்தது. 1870 மார்ச்சில் பம்பாயும் கல்கத்தாவும் ரயிலால் இணைந்தன. இந்த மூன்றையும் ஒரு கோட்டில் பொருத்திப் பார்த்த குக், கப்பலிலும் ரயிலிலுமாக உலகத்தைச் சுற்றலாம் என்று கண்டார். நிறுவனத்தின் அன்றாட வேலைகள் ஏற்கனவே மகன் கையில். இளம் பணியாளர் ஒருவரை அனுப்பியிருக்கலாம். 63 வயதில், ஒரு சிறு குழுவோடு, அவரே புறப்பட்டார்.

1872 செப்டெம்பரில் லிவர்பூலிலிருந்து கப்பலேறி நியூயோர்க் போனார்கள். அமெரிக்காவைக் குறுக்காக ரயிலில் கடந்து சான் பிரான்சிஸ்கோ. நயாகரா, சிக்காகோ, சோல்ட் லேக் சிற்றி வழியில். பிறகு மூன்று வாரங்களுக்கு மேல் பசிபிக் கடல். அவருக்கு 64 வயது ஆனது அந்தப் பயணத்தின் நடுவில்தான். ஜப்பானில் முதல் ரயில் பாதை அந்த ஒக்டோபரில்தான் திறந்திருந்தது. அந்த நாடு அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. சீனாவின் ஷங்ஹாய் நகரத் தெருக்கள் பிடிக்கவில்லை. அடுத்து சிங்கப்பூர், இலங்கை, இந்தியா.

அவர் இலங்கைக்கு வந்த காலத்தில் கொழும்புத் துறைமுகத்துக்கு அலைதாங்கி கட்டப்படவில்லை. தூர தேசக் கப்பல்கள் காலியில்தான் தரித்தன. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் ஓடத் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்க வெள்ளைக்காரர் போட்ட பாதை அது. அதே பாதையின் நீட்சியைத்தான் இன்று வெளிநாட்டவர் உலகின் அழகான ரயில் பயணங்களில் ஒன்றாக எண்ணி வந்து ஏறுகிறார்கள்.

இந்தியாவில் கல்கத்தாவிலிருந்து பம்பாய் வரை, காசி, ஆக்ரா, டெல்லி என்று ரயிலில் சுற்றினார். பிறகு செங்கடல், எகிப்து. மொத்தம் 222 நாட்கள். 40,000 கிலோமீற்றருக்கும் மேல். வழியெல்லாம் கண்டதைக் கடிதங்களாக எழுதி அனுப்பினார். அவை லண்டனில் டைம்ஸ் பத்திரிகையில் வந்தன, பின்னர் புத்தகமாகவும் வந்தன. அறுபதைத் தாண்டிய பிறகும் அவர் ஒரு செய்தியாளரைப் போல வேலை செய்திருக்கிறார்.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. அவர் பயணத்தில் இருந்த அதே 1872 நவம்பரில், பாரிஸ் பத்திரிகை ஒன்றில் ஜூல்ஸ் வேர்ண் உலகத்தை 80 நாட்களில் சுற்றிவரும் கதையைத் தொடராக எழுதத் தொடங்கினார். கதாநாயகன் ஜன்னலுக்கு வெளியே பார்க்காமலே ஓடி முடித்தான். உண்மையில் போன முதியவர் 222 நாட்கள் எடுத்துக்கொண்டார்.

அவரைப் புகழ்ந்துகொண்டே போவது சரியாக இராது. அந்தப் பயணம் பெரும்பாலும் பிரித்தானியப் பேரரசின் துறைமுகங்களையும் ரயில் பாதைகளையும் தொட்டுத்தான் போனது. காலனியாக இருந்த எங்களைப் போன்ற நாடுகள் அவர்களுக்குப் பார்வையிடும் இடங்கள். 1884 இல் சூடானுக்கு நைல் நதி வழியாகப் பிரித்தானியப் படைகளை ஏற்றிச் சென்றதும் அவரது மகன் நடத்திய அதே நிறுவனம்தான். சுற்றுலாவும் படையும் ஒரே படகில் போன கதை அது.

வீட்டிலும் அவர் பெரும் விலை கொடுத்தார். மகன் ஜோன் கணக்கில் கெட்டிக்காரர், கண்டிப்பானவர். தகப்பன் இலாபத்தையும் ஊழியத்தையும் ஒன்றாகக் கலக்கிறார் என்பது அவருடைய கோபம். மகனுக்கு மனிதர்களில் இரக்கம் போதாது என்பது தகப்பனின் மனக்குறை. உலகப் பயணம் முடிந்து வந்த பிறகு பிளவு பெரிதானது. 1870 களின் இறுதியில் குக் நிறுவனத்தை விட்டு ஒதுங்கி, லெஸ்டரில் கட்டிய வீட்டுக்குப் போனார். அந்தப் புதிய வீட்டில் 1880 நவம்பரில் மகள் ஆனி குளியலறையில் இறந்து கிடந்தாள். புதிதாகப் பொருத்திய எரிவாயுச் சுடுநீர்க் கருவியின் புகை காரணமாக இருக்கலாம் என்று கருதப்பட்டது. அவளுக்கு 35 வயது. நான்கு ஆண்டுகளில் மரியானும் போய்விட்டார். குக்கின் கண்பார்வையும் மங்கிக்கொண்டு வந்தது.

அப்படி இருந்தும் 1888 இல், 80 வயதை நெருங்கும்போது, இன்னொரு முறை பாலஸ்தீனத்துக்குப் போய் வந்தார். பார்வை குன்றிய ஒருவர் பார்ப்பதற்கு என்ன இருந்திருக்கும் என்று நான் யோசித்தேன். அம்மாவிடம் சொன்னபோது, கோயிலுக்குப் போகிறவர்கள் கண்ணால் மட்டுமா கும்பிடுகிறார்கள் என்று கேட்டார்.

பிறந்த ஊரான மெல்பேர்ணில் வறியவர்களுக்காகச் சிறு வீடுகளைக் கட்டிக் கொடுத்தார். 1891 இல் நிறுவனத்தின் பொன்விழா விருந்து லண்டனில் ஆடம்பரமாக நடந்தது. தொடக்கியவர் அங்கே இல்லை. 1892 ஜூலை 18 இல் லெஸ்டரில், 83 வயதில் இறந்தார். இன்று லெஸ்டர் ரயில் நிலையத்துக்கு வெளியே அவருக்கு ஒரு சிலை இருக்கிறது. கையில் பெட்டியோடு, ரயிலுக்குப் போகிறவரைப் போல நிற்கிறார்.

அவரது பெயரைத் தாங்கிய நிறுவனம் பல கை மாறி, 2019 செப்டெம்பர் 23 ஆம் திகதி அதிகாலை வீழ்ந்தது. அன்று அதன் பயணிகள் ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் வெளியூர்களில் நின்றார்கள். அவர்களில் ஒன்றரை இலட்சம் பிரித்தானியர்களை அரசு விமானம் அமர்த்தி வீட்டுக்குக் கொண்டுவந்தது. ஒரு ஷில்லிங் வாங்கியவர்களைத் திருப்பி வீட்டில் சேர்ப்பதாக வாக்குக் கொடுத்துத் தொடங்கிய தொழிலின் முடிவு அப்படி இருந்தது.

இந்தக் கதையை அப்பாவுக்கு மூன்று இரவுகளாகச் சொன்னேன். அக்காவின் திட்டத்தையும் குக்கின் வேகத்துக்கு மாற்றினோம். பெர்னினா எக்ஸ்பிரஸில் போகும்போது மட்டும் ஆசன முன்பதிவு. திரானோவில் ஒரு இரவு ஓய்வு. அதே பாதையில் முன்பதிவு தேவைப்படாத சாதாரண ரயில்களும் ஓடுகின்றன. திரும்பும்போது அதில் ஏறினால், முழங்கால் நொந்தால் நடுவில் இறங்கி அடுத்ததில் ஏறலாம். கிளேசியர் எக்ஸ்பிரஸுக்கு முன் இரண்டு நாள் இடைவெளி. குளிசைகள் கைப்பையில், மருந்துச் சிட்டையின் ஆங்கிலப் பிரதியோடு. ரயில் மாறும் இடங்களையும் அக்காவின் தொலைபேசி இலக்கத்தையும் பெரிய எழுத்தில் எழுதிய ஒரு மட்டை ஆளுக்கொன்று.

அப்பா பழைய பாடக்குறிப்புக் கொப்பி ஒன்றை எடுத்து, அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, தன் கையால் ஒரு நேர அட்டவணை எழுதத் தொடங்கியிருக்கிறார். நேற்றிரவு பன்னிரண்டு மணிக்கு என் அறைக் கதவைத் தட்டி, திரானோவிலிருந்து காலையில் முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டார்.